1930 ஃபோர்டு மாடல் ஏ: காலம் தாழ்த்துவது எப்படி?

ஃப்ரீமாண்ட் முரளி

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நான் கேட்பது ஸ்டீயரிங் காலத்தைப் (column, ஸ்டீயரிங் வீலைத் தாங்கி நிற்கும் நீளத் தண்டு) பற்றி. இந்த வேலையை இரண்டு வருடமாகக் காலம் தாழ்த்திக்கொண்டே வந்தேன் என்பதும் உண்மைதான்.

கார் 1930 மாடல் ஏ கூப். சாக்ரமென்டோ பக்கம் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அவர் இளவயதில் தன் கையால் செய்த ஹாட் ராட், அதாவது வெட்டி ஒட்டி உருமாற்றிய பழைய கார். கூரைத் தூண்களில் 3 அங்குலம் வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார். பாடியைச் சேஸியின் (அடிச்சட்டம்) மேல் உட்கார வைக்காமல், தரையை அறுத்து 4 அங்குலம் கீழே இறக்கியிருக்கிறார். இங்கே அதற்குச் சானலிங் என்று பெயர். எஞ்சின் பழைய நாலு சிலிண்டர்தான், 40 குதிரைச் சக்தி. பெட்ரோல் டேங்க்கைச் சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

பாடி இறங்கியது, சீட் இறங்கியது, அதில் உட்கார்ந்த நானும் இறங்கினேன். காலத்தின் அடியில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸ் மட்டும் சேஸியில் ஃபோர்டு கம்பெனி போல்ட் போட்ட இடத்திலேயே இருக்கிறது. காலமும் பழைய சாய்விலேயே, டேஷ்போர்டில் வெட்டிய ஒரு பள்ளத்தின் வழியாக மேலே வருகிறது. பதினேழரை அங்குல வீல் என் மோவாய்க்கு நேராக நிற்கிறது. என் உயரம் 5 அடி 5 அங்குலம். கூரை வெட்டியதில் முன் கண்ணாடியும் ஒரு சாணாகிவிட்டது, அதன் நடுவே வீலின் விளிம்பு கறுப்பாக ஒரு கோடு போடுகிறது. எதிரே நின்று பார்த்த என் மனைவி, "நெத்தி மட்டும்தான் தெரியுது, வண்டி தானா வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

ஜனவரியில் டர்லாக்கில் மாடல் ஏ ஆட்கள் நடத்தும் ஸ்வாப் மீட்டுக்கு, பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போனேன். டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கி, காலத்தைக் கிளாம்ப்பால் பிடிக்கும் பிராக்கெட் ஒன்று கிடைத்தது, காலம் டிராப் என்பார்கள். என் காரில் இருந்ததைவிட 2 அங்குலம் நீளம். சனிக்கிழமை போட்டேன். கிளாம்ப் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி முறுக்க, காலம் மெதுவாக இறங்கி வந்து உட்கார்ந்தது. ஆஹா, அரை மணி நேர வேலைக்கா இரண்டு வருடம் யோசித்தோம் என்று இருந்தது.

தெரு முனை திரும்பியதும் சந்தோஷம் போய்விட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் வீல் தானாக நேருக்குத் திரும்பவில்லை, திருப்பிய இடத்திலேயே நிற்கிறது. காலத்துக்குள் ராடு சுற்றும் வளையமான மேல் புஷ் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். ஒரு வாரம் ஓட்டியபின் அந்த இடத்தில் விரலை வைத்தால் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டுகிறது. கிரீஸ் அடித்தேன், பலனில்லை.

இங்கே ஒரு கடையில் பாக்ஸ் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். முந்தின வாரம் வரை நன்றாக இருந்த பாக்ஸ் எப்படி ஒரே நாளில் போகும்?

ஓக்லாந்து பாலு

13 அங்குல வீல் ஒன்று வாங்கி மாட்டுங்க தலைவரே. விளிம்பு தானாக 2 அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். காலத்தைத் தொடவே வேண்டாம்.

லேத் ராசு, கோயம்புத்தூர்

பாலு, சின்ன வீல் போட்டால் பிடிமானம் குறைந்து இன்னும் கனக்கும். அதில் பவர் ஸ்டீயரிங்கா இருக்கிறது? முரளி தம்பியின் கைக்கு இப்போதே வலி வந்திருக்கும்.

தம்பி, பாக்ஸ் போகவில்லை. நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் கிளாம்ப்பை மட்டும் கழற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காலம் துள்ளி மேலே போனால் வியாதி அதுதான். நீங்கள் காலத்தை இறக்கவில்லை, வில்லாக வளைத்து வைத்திருக்கிறீர்கள். கீழே பாக்ஸ் அசையாமல் பிடித்திருக்கிறது, மேலே உங்கள் பிராக்கெட் இழுக்கிறது, நடுவில் ராடு வளைந்தபடியே சுற்றுகிறது. புஷ் தேயாமல் என்ன செய்யும்? கிரீஸ் அடித்தால் சத்தம் குறையும், வளைவு நிமிராது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே தப்பை நான் செய்திருக்கிறேன். 1986-இல் வால்பாறை எஸ்டேட் ஜீப் ஒன்று பட்டறைக்கு வந்தது. டிரைவர் குள்ளமான மனுஷன், வீலைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள் என்றார். பட்டைக் கம்பியில் கிளாம்ப் வளைத்து, தொங்கி இழுத்து முறுக்கி அனுப்பிவிட்டேன். ஆழியாரிலிருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் திருப்பின வீலைக் கையால் திரும்ப இழுத்துக்கொண்டே ஏறியிருக்கிறார். மூன்றாம் வாரம் வண்டி திரும்பி வந்தபோது பாக்ஸின் காதில் போல்ட் ஓட்டையை ஒட்டி மயிரிழை விரிசல். பெரிய மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. அந்தப் பாக்ஸைக் கழற்றி என் டேபிளில் வைத்துவிட்டுப் போனார், அது ஒரு மாதம் அங்கேயே இருந்தது.

இனி செய்ய வேண்டியது. காலம் என்பது கீழே பாக்ஸில் முளைத்த மரம். மேலே கொம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, வேரைத் திருப்ப வேண்டும். முன் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பாக்ஸிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்மிலிருந்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டிராக் லிங்க்கைக் கழற்றிவிடுங்கள். பாக்ஸைச் சேஸியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். சீட்டில் உட்கார்ந்து வீலை உங்களுக்குத் தோதான உயரத்துக்குக் கொண்டுவந்து, கீழே பலகையோ புத்தகமோ முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். இப்போது ஒரு விரலால் வீலைக் கோடியிலிருந்து கோடி வரை சுற்றிப் பாருங்கள். வெண்ணெயாகச் சுற்ற வேண்டும், நடு மையத்தில் மட்டும் லேசாக ஒரு பிடிப்பு தெரியலாம். அப்படிச் சுற்றும் நிலையில் பாக்ஸை இறுக்குவதற்கு வழி பாருங்கள். பிராக்கெட் கடைசி வேலை. காலம் எங்கே நிற்கிறதோ அங்கே போய் அதைத் தாங்குவதுதான் பிராக்கெட்டின் வேலை, அதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

ஃப்ரீமாண்ட் முரளி

ராசு அண்ணா, கழற்றினேன். இரண்டாவது போல்ட் கடைசிப் புரியில் இருக்கும்போதே டங்கென்று ஒரு சத்தம், காலம் மேலே போய் டேஷ்போர்டின் உதட்டில் மோதி நின்றது. அளந்தால் ஒன்றே முக்கால் அங்குலம். அத்தனையும் வளைத்து வைத்த வளைவுதான்.

முட்டுக் கொடுத்தும் பார்த்துவிட்டேன். என் மகளின் இரண்டு பாடப் புத்தகம், ஒரு தேங்காய்த் துருவல் பலகை. எனக்கு வீல் 3 அங்குலம் இறங்கினால் சாலை முழுதாகத் தெரிகிறது. பாக்ஸ் போல்ட்டிலிருந்து டேஷ்போர்டு கிளாம்ப் வரை 32 அங்குலம், வீல் வரை 42 அங்குலம். அப்படியானால் கிளாம்ப் இடத்தில் இறங்க வேண்டியது கிட்டத்தட்ட இரண்டே கால் அங்குலம், சரிதானே? சேஸியில் ஒரு ஓட்டையை அரத்தால் நீளமாக ராவிவிட்டால் பாக்ஸ் திரும்பிவிடும் போலத் தெரிகிறது. செய்யலாமா?

டெட்ராய்ட் செல்வி

கணக்கு சரி அண்ணா. 42-க்கு 3 என்றால் சாய்வு மாறுவது சுமார் 4 டிகிரி. நான் ஸ்டீயரிங் பிரிவில்தான் பத்து வருடமாக வேலை செய்கிறேன், ஆனால் அலுவலகத்தில் இப்படிப்பட்ட கேள்வி ஒன்றுகூட வருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸைத் திருப்பும்போது பிட்மேன் ஆர்மும் கூடவே திரும்பும். வீல் பக்கம் இறங்கினால் தொங்கும் ஆர்மின் நுனி முன்னால் போகும். ஆர்ம் 6 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 4 டிகிரிக்கு நுனி நகர்வது 11 மில்லிமீட்டர். டிராக் லிங்க்கை அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸுக்குள் பற்கள் மையத்தில் இருக்காது. இந்தப் பாக்ஸ்களில் மையத்தில்தான் ப்ளே (பற்களுக்கு நடுவிலான தளர்ச்சி) மிகக் குறைவாக இருக்கும்படி அட்ஜஸ்ட் செய்வார்கள். மையம் தள்ளிப்போனால், நேர்ச் சாலையில் வண்டி அலையும், பிடிப்பு ஒரு பக்கத் திருப்பத்தில் வரும். அப்புறம் அந்தக் கடைக்காரர் மறுபடியும் பாக்ஸ் போய்விட்டது என்பார். ஆகவே டிராக் லிங்க்கை 11 மில்லி குறைக்க வேண்டும். மாடல் ஏ-யின் பழைய லிங்க்கில் நீளத்தை மாற்ற வழியில்லை. இரு முனையிலும் மரை வைத்த, நீளம் மாற்றக்கூடிய லிங்க் போடுங்கள்.

முன் அச்சைத் தாழ்த்தியவர்களுக்கு வரும் பம்ப் ஸ்டீயர் தொல்லை, அதாவது மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்புவது, இதில் வராது. 4 டிகிரிக்கு ஆர்மின் நுனி மேலேறுவது அரை மில்லிகூட இல்லை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ஓட்டையை ராவ வேண்டாம். போல்ட்டுகள் 3 அங்குல இடைவெளியில் இருந்தால் ஓட்டை நகர வேண்டியது ஐந்தரை மில்லிதான், ராவிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நீள ஓட்டையில் போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் பாக்ஸைப் பிடிக்கும். பெரிய குழியில் ஒரு முறை விழுந்தால் வழுக்கிக்கொள்ளலாம். பழைய ஓட்டையை வெல்டால் அடைத்து, தேய்த்துச் சமமாக்கி, உட்புறம் ஒரு தகடு கொடுத்து, புதிதாகத் துளை போடுங்கள்.

இன்னும் அதிகம் இறக்க வேண்டும் என்றால், 6 அல்லது 7 டிகிரிக்கு மேல், பாக்ஸைத் திருப்புவது சரிவராது. ராடை வெட்டி, வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் யூனிவர்சல் ஜாயின்ட் போட வேண்டும். ஒரு ஜாயின்ட் மட்டும் 30 டிகிரியில் வேலை செய்தால், வீல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை கனத்து இரண்டு முறை லேசாகும், வித்தியாசம் 15 சதவீதம் வரை. 15 டிகிரியில் அது மூன்றரை சதவீதம், கைக்குத் தெரியாது. இரண்டு ஜாயின்ட் போட்டு இரண்டின் கோணத்தையும் சமமாக வைத்தால் ஒன்றின் கோணலை மற்றது அடித்துவிடும். ஆனால் நடு ராடின் இரு முனையிலும் உள்ள கவைகள் (ஜாயின்ட்டின் இரட்டைக் கொம்புகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் கோணல் இரட்டிப்பாகும். மூன்று ஜாயின்ட் என்றால் நடுவில் ஒரு பேரிங் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் ராடு கயிறு மாதிரி துள்ளும்.

ஜாயின்ட்டில் ஒரு நன்மை உண்டு. உங்கள் காலம் பாக்ஸிலிருந்து நெஞ்சு வரை ஒரே இரும்பு ஈட்டி. முன்னால் இடித்தால் அது பின்னால்தான் வரும். மடிந்து சுருங்கும் காலம் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது 1967 மாடல்களில்தான், 1968 தொடக்கத்தில் சட்டமும் கட்டாயமாக்கியது. நடுவில் இரண்டு முழங்கை இருந்தால் ஈட்டி நேராகப் பாயாது. அதற்காக இப்போதே வெட்டுங்கள் என்று சொல்லவில்லை.

லேத் ராசு, கோயம்புத்தூர்

தங்கச்சி சொன்ன கவை விஷயத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். டிராக்டர் ஷாஃப்டில் கவையைத் திருப்பி மாட்டிவிட்டு, என்ன அதிருகிறது என்று கேட்டு வருகிறவர்கள் இங்கே மாதம் ஒருவராவது உண்டு.

அரம் வேண்டாம் என்பதும் சரி. நான் ஆப்பு வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்ல இருந்தேன், அதையும் வாபஸ் வாங்குகிறேன்.

யாழ்ப்பாணத்தான், டொராண்டோ

தம்பி முரளி, வெட்டுகிற கதைக்குப் போக முன்னம் ஒன்றைச் சொல்லவேணும். என்னிடம் இருப்பது 1929 மாடல் ஏ, ஒன்றும் வெட்டாதது. அந்தக் கார்களில் ஹாரன் பட்டன் வீலின் நடுவில் இருக்கும். அதைச் சுற்றியுள்ள பிடிதான் ஹெட்லைட் சுவிட்ச். ஸ்டீயரிங் ராடு உள்ளே குழாய். அதற்குள்ளால் ஒரு மெல்லிய கம்பி இறங்கிப் பாக்ஸின் அடியில் இருக்கும் சுவிட்சைத் திருப்பும். ராடை வெட்டி ஜாயின்ட் வைத்தால் அந்தக் கம்பிக்குப் பாதை இல்லை. ஹாரனும் லைட்டும் வேறு இடத்துக்குப் போகவேணும். உங்கட பெரியவர் அந்தக் கம்பியை விட்டுவைத்திருந்தால் நீங்களும் விட்டுவையுங்கோ.

வெட்டாத காரில் இன்னொரு சிக்கல். அதில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதே பெட்ரோல் டேங்க்தான். காலத்தைப் பிடிக்கும் பிராக்கெட் அந்த டேங்க்கின் அடியில் பூட்டியிருக்கும். இந்த இழையை வாசித்துவிட்டு யாராவது அங்கே துளை போடவோ வெல்ட் பண்ணவோ வெளிக்கிடாதேங்கோ. டேங்க் வெறுமையாக இருந்தாலும் ஆவி இருக்கும்.

எங்கட அப்பாவிடம் ஊரில் ஒரு ஆஸ்டின் ஏ40 இருந்தது. பெட்ரோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினது. அதில் காலம் எந்த உயரத்தில் நின்றது என்று ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை, சீட்டில் ஒரு தலையணை போட்டதுதான் தீர்வு. உங்கட கூரையில் அதற்கும் இடமில்லை.

ஃப்ரீமாண்ட் முரளி

தலையணை வைத்துப் பார்த்தேன் அண்ணை. தலை கூரையில் இடித்தது.

கம்பி இருக்கிறது! நீங்கள் சொன்ன பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹாரன் வேலை செய்யாமல் கிடந்தது, உள்ளே கம்பி மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆகவே வெட்டு இல்லை, 4 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

ஃப்ரீமாண்ட் முரளி

மூன்று வாரம் ஐந்து வாரமானது. காலம் தாழ்ந்துவிட்டது.

ஓட்டையை அடைக்க நண்பர் ஒருவர் வெல்டிங் மெஷினோடு வந்தார். உள்ளே கால் அங்குலத் தகடு கொடுத்தோம். புதுத் துளை போடும் முன் காலத்தை மூன்று நாள் முட்டிலேயே நிறுத்தி, போகும்போது வரும்போது ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் பிடித்த உயரம் இரண்டாம் நாள் தொடையில் இடித்தது. காலணி, பனிக்காலக் கோட் எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் 3 அங்குலம் 2¾ ஆகிவிட்டது. இது யாரும் சொல்லாத விஷயம், அதனால் எழுதுகிறேன். லுங்கியில் உட்கார்ந்து அளவெடுக்காதீர்கள்.

லிங்க்கை 10 மில்லி குறைத்தேன். எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவரும் கை ஆக்சிலரேட்டர் லீவரும் காலத்தோடு சேர்ந்து சாய்ந்ததால் அவற்றின் கம்பிகளும் இடம் மாறிவிட்டன. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்பார்க் லீவரை முழுவதும் மேலே தள்ளினாலும் டிஸ்ட்ரிபியூட்டரில் பொறியின் நேரம் முழுசாகப் பின்வாங்கவில்லை. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைத்திருக்கும். கம்பியின் வளைவைக் கொஞ்சம் மாற்றிச் சரிசெய்தேன்.

பிராக்கெட்டைக் கடைசியில்தான் செய்தேன், ராசு அண்ணா. காலத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் அட்டை வைத்து வெட்டி, அந்த அட்டையைப் பார்த்து இரும்பு வெட்டினேன். கிளாம்ப்பை இறுக்கும் முன்னும் பின்னும் விரலால் சுற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. கழற்றினாலும் காலம் அசையாமல் அங்கேயே நிற்கிறது. மேல் புஷ்ஷைப் புதிதாகப் போட்டேன், பழையது ஒரு பக்கம் பிறை மாதிரி தேய்ந்திருந்தது.

ஞாயிறு காலை நைல்ஸ் கேன்யன் வழியாகச் சுனோல் வரை போய் வந்தேன். வளைவு முடிந்து கையைத் தளர்த்தியதும் வீல் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்தது. அதற்காகவே தேவையில்லாமல் இரண்டு முறை திரும்பிப் போனேன். முகம் முழுசாகத் தெரிகிறது என்று வீட்டில் சான்றிதழும் கிடைத்தது.

ஒரே குறை. காலம் இறங்கியதில் அதற்கும் பிரேக் மிதிக்கும் நடுவில் இடம் குறைந்துவிட்டது. அகலமான ஷூ போட்டால் பக்கவாட்டில் உரசுகிறது. மிதித் தகட்டை ஓரத்தில் அரை அங்குலம் வெட்டலாம் என்று இருக்கிறேன். அதுவரை மெல்லிய கான்வாஸ் ஷூதான்.

அந்த டர்லாக் பிராக்கெட் சும்மா கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் தபால் செலவு மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

லேத் ராசு, கோயம்புத்தூர்

மிதியை வெட்டும் முன் பிரேக் மேல் காலை வைத்து அவசரமாக அமுக்கிப் பாருங்கள் தம்பி. வெட்டின ஓரத்தில் கால் வழுக்கக் கூடாது. வெட்டுவதைவிடத் தகட்டைக் கழற்றி வலது பக்கம் நகர்த்தி வெல்ட் வைப்பது மேல்.

ஓக்லாந்து பாலு

பிராக்கெட் எனக்கு. நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்தால்.